பொறிச்சுருள் சுற்றலாம் வாருங்கள்: உயர் மின்னழுத்தத்தில் காப்பு எப்படி நிற்கிறது, எப்படி உடைகிறது

என் முதல் பொறிச்சுருள் ஒரு மாலைப்பொழுதுகூட முழுசாக ஓடவில்லை. பேட்டரியின் சிறு மின்னழுத்தத்தைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்திப் பொறி விடும் தூண்டுசுருளைத்தான் பொறிச்சுருள் என்கிறேன். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு நீலப் பொறி படபடவென்று பாய்ந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம் இருக்கும். உள்ளிருந்து ஒரு சீறல் கேட்டது, மூக்கில் ஏறும் காரமான வாடை வந்தது, பொறி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி நின்றுபோனது.

மறுநாள் உட்கார்ந்து அதைப் பிரித்தேன். மேல் அடுக்குகள் எல்லாம் புதுக்கம்பி போலப் பளபளத்தன. நடுவில் ஓர் அடுக்கின் ஓரத்தில் ஒரே ஒரு சுற்று, அடுக்குகளுக்கு நடுவே வைத்த காகிதத்தின் விளிம்பைத் தாண்டிச் சரிந்து, கீழ் அடுக்கின் மேல் போய் விழுந்திருந்தது. அந்த இடத்தில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு கரும்புள்ளி. அதைச் சுற்றிக் காகிதத்தில் வேர் விட்டதுபோலப் பழுப்புக் கோடுகள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் சுற்றிய கம்பி, ஒரு விரற்கடைக்கும் குறைவான ஓர் இடத்தில் தோற்றிருந்தது.

உயர் அழுத்த மின்மாற்றி செய்ய விரும்பும் பலரும் முதலில் கேட்பது, "எத்தனை சுற்று சுற்றவேண்டும்?" என்பதுதான். அந்தக் கணக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் மின்சாரம் தாண்டாமல் தடுக்கும் காப்பாக என்ன இருக்கிறது என்ற கேள்விதான் மீதி வேலை முழுவதும். செம்பைச் சுற்றுவதில் ஒரு பங்கு உழைப்பு என்றால், அதற்கு நடுவிலிருந்து காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றுவதில் மூன்று பங்கு உழைப்பு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த மூன்று பங்கைப் பற்றியது.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இங்கே நான் சொல்வது பேட்டரியில் ஓடும் சிறு தூண்டுசுருளைப் பற்றி மட்டும். வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தில் நேரடியாக ஓடும் உயர் அழுத்த மின்மாற்றியை வீட்டில் செய்யவேண்டாம். பழைய மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து மின்மாற்றியைக் கழற்றிப் பயன்படுத்தவும் வேண்டாம். அது சுமார் 2,000 வோல்ட்டை, ஆளைக் கொல்லும் அளவைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தோடு தரும். ஒரு முறை தொட்டால் விடுபட முடியாது. அந்த மின்மாற்றியால் மரப்பலகையில் மின்னல் கோலம் எரிக்கப்போய் அமெரிக்காவில் பலர் இறந்திருக்கிறார்கள். அங்குள்ள மரக்கடைசல் கலைஞர்களின் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் அதைத் தடையே செய்துவிட்டது. பேட்டரிச் சுருளும் விளையாட்டுப் பொருள் அல்ல. கடுமையாக உதறும், இதயமுடுக்கிக் கருவி வைத்திருப்பவர்கள் அருகில்கூட வரக்கூடாது.

சரி, சுருள் எப்படி வேலை செய்கிறது? ஓர் இரும்பு உள்ளகத்தின் மேல் தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகள்: அது முதன்மைச் சுருள். அதன் மேல் மெல்லிய கம்பியில் பல்லாயிரம் சுற்றுகள்: அது துணைச் சுருள். முதன்மையில் மின்னோட்டம் மாறும்போது இரும்பில் காந்தப்புலம் மாறுகிறது, அந்த மாற்றம் துணைச் சுருளின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. சுற்றுகள் தொடராக இருப்பதால் அந்தச் சிறு அழுத்தங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடிக்கொண்டே போகும்.

பேட்டரியின் மின்சாரம் மாறாமல் ஒரே திசையில் ஓடுவது. ஆகவே அதை வெட்டி வெட்டி விடவேண்டும். பள்ளியில் பார்த்த மின்மணியில் சுத்தியல் அடித்து அடித்து மின்சுற்றைத் திறக்குமே, அதே அமைப்புதான் இங்கும். மின்னோட்டம் மெதுவாக ஏறும்போது பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. தொடுமுனை சட்டென்று திறக்கும் அந்தக் கணத்தில்தான் காந்தப்புலம் சரிந்து, முதன்மையிலேயே 200 வோல்ட் வரை எகிறுகிறது. பேட்டரி 12 வோல்ட்தானே என்று நினைத்துக் காப்புப் போட்டால் ஏமாந்துபோவோம். நாம் காப்புப் போடுவது இந்த எகிறலுக்கு. தொடுமுனைக்கு இணையாக ஒரு மின்தேக்கி வைத்தால் அங்கே பொறி எரிவது குறைந்து, மின்னோட்டம் இன்னும் வெடுக்கென்று நிற்கும். 1853-இல் பிரான்ஸ் நாட்டு இயற்பியலாளர் ஃபிஸோ சேர்த்த இந்த உத்தியால் துணைச் சுருளின் பொறி வெகுவாக நீண்டது.

இனி நம் சுருளின் அளவுகள். முதன்மை 200 சுற்று, துணை 20,000 சுற்று: விகிதம் நூறு. 200 வோல்ட் எகிறினால் துணையில் 20,000 வோல்ட். அதாவது சுற்றுக்கு ஒரு வோல்ட். இந்த ஒரு வோல்ட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இனி எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான்.

துணைச் சுருளுக்கு 42-ஆம் கேஜ் எனாமல் கம்பி, அதாவது மெல்லிய காப்புப் பூச்சு போட்ட செம்புக் கம்பி. அதன் செம்பு 0.1 மில்லிமீட்டர் தடிமன், தலைமயிரைவிடக் கொஞ்சம் பருமன். எனாமல் பூச்சையும் சேர்த்தால் 0.12 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் அடுக்கில் 300 சுற்று என்றால் அகலம் 36 மில்லிமீட்டர். 20,000 சுற்றுக்கு 67 அடுக்குகள். உள்விட்டம் 20, வெளிவிட்டம் 50 மில்லிமீட்டர் என்று வந்தால், மொத்தக் கம்பி சுமார் 2.2 கிலோமீட்டர், எடை 160 கிராம், மின்தடை 4,700 ஓம் அளவில் இருக்கும். இந்தக் கடைசி எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளுக்கு நடுவே ஒரு வோல்ட்தான். எனாமல் பூச்சு சில நூறு வோல்ட்டைத் தாங்கும். அப்படியானால் எனாமலே போதுமே, காகிதம் எதற்கு? ஒரு நூல்கண்டைக் கற்பனை செய்யுங்கள். இடமிருந்து வலமாக 300 சுற்று சுற்றி ஓர் அடுக்கை முடிக்கிறோம். அடுத்த அடுக்கு வலமிருந்து இடமாகத் திரும்பி வருகிறது. வலது ஓரத்தில் 300-ஆம் சுற்றின் மேல் 301-ஆம் சுற்று உட்கார்கிறது: வித்தியாசம் ஒரு வோல்ட். திரும்பி இடது ஓரத்துக்கு வரும்போது, முதல் சுற்றின் மேல் 600-ஆம் சுற்று உட்கார்கிறது: வித்தியாசம் 600 வோல்ட். அடுக்குகளுக்கு நடுவிலான அழுத்தம் ஒரு ஓரத்தில் ஒன்றுமில்லை, மறு ஓரத்தில் அடுக்கு அழுத்தத்தைப்போல இரண்டு மடங்கு. காகிதம் போடுவது அந்த இரண்டாவது ஓரத்துக்காக. அங்கே எனாமலை மட்டும் நம்புவது சூதாட்டம். நீளமான கம்பியில் எங்காவது கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருந்தே தீரும்.

அடுக்கே இல்லாமல், தையல் மெஷின் பாபினில் நூல் நிரப்புவதுபோலக் கண்டபடி சுற்றினால்? 500-ஆம் சுற்றின் பக்கத்தில் 4,000-ஆம் சுற்று வழுக்கி விழலாம். எனாமலுக்கு எனாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் 3,500 வோல்ட். என் சுருளில் நடந்தது இதன் சிறு வடிவம். ஒரே சுற்றுதான் சரிந்தது. 600 வோல்ட் வித்தியாசம் காகிதம் இல்லாத இடத்தில் நேருக்கு நேர் நின்றுவிட்டது. எனாமல் அதைக் கொஞ்ச நேரம் தாங்கியது, பிறகு விட்டுவிட்டது. இரண்டு அடுக்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், அந்த 600 சுற்றும் தனி வளையமாக மூடிக்கொள்ளும். வரும் காந்த ஆற்றலை எல்லாம் அது தின்றுவிடும். வெளியே பொறி வராது.

இன்னும் பெரிய சுருளென்றால் அடுக்கு மட்டும் போதாது. துணைச் சுருளைப் பல துண்டுகளாக, வடைகளைக் கோத்ததுபோல அருகருகே அமைத்துத் தொடராக இணைப்பார்கள். பத்துத் துண்டு என்றால் ஒவ்வொன்றுக்குள்ளும் மொத்த அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். முழு அழுத்தம் முதல் துண்டுக்கும் கடைசித் துண்டுக்கும் நடுவில் தொலைவாகப் பிரிந்துகிடக்கும். 1857-இல் பாஸ்டன் நகரில் எட்வர்ட் ரிச்சி இந்த முறையில் சுருள் செய்தார், அதன் பிறகு பெரிய தூண்டுசுருள்கள் எல்லாம் இந்த வழிக்கே வந்தன. லண்டனில் 1870-களில் ஸ்பாட்டிஸ்வுட் என்ற அறிஞருக்காக ஆப்ஸ் என்பவர் செய்த சுருளில் 280 மைல் கம்பி இருந்தது. சென்னையிலிருந்து மதுரை வரை இழுத்துவிடலாம். அது 42 அங்குல நீளத்துக்குப் பொறி விட்டது. கம்பி சுற்றும் தொழிலில் இதைவிட மதிப்புக்குரிய வேலை எனக்குத் தெரிந்து குறைவு. நம்முடைய 20,000 வோல்ட்டுக்கு ஒரே துண்டு போதும், இரண்டாகப் பிரித்தால் இன்னும் நிம்மதி.

காற்று எனும் பலவீனக் கண்ணி

காற்று நல்ல மின்காப்பான் என்று படித்திருப்போம். ஒரு மில்லிமீட்டருக்கு 3,000 வோல்ட் தாங்கும். ஆனால் நல்ல பிளாஸ்டிக் தாளும் எண்ணெய் குடித்த காகிதமும் அதைவிடப் பல மடங்கு தாங்கும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், திடக்காப்புக்கு நடுவில் மெல்லிய காற்று இடுக்கு மாட்டிக்கொள்ளும்போது. அங்கே அழுத்தம் தடிமனுக்குத் தக்கபடி பங்கு பிரிவதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் சார்பு விடுதிறன் என்று ஓர் எண் உண்டு: காற்றுக்கு 1, பிளாஸ்டிக் தாளுக்கு ஏறக்குறைய 3, மின்மாற்றி எண்ணெய்க்கு 2.2. தடிமனை இந்த எண்ணால் வகுத்தால் கிடைக்கும் விகிதத்தில்தான் மாறுமின்னழுத்தம் பங்கு பிரிகிறது. எண் சிறியதாக உள்ள பொருளின் தலையில் சுமை அதிகம் விழும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 மில்லிமீட்டர் பிளாஸ்டிக், அதை ஒட்டி 0.1 மில்லிமீட்டர் காற்று, இரண்டுக்கும் சேர்த்து 5,000 வோல்ட். பிளாஸ்டிக்கின் பங்கு 1-ஐ 3-ஆல் வகுத்தால் 0.33. காற்றின் பங்கு 0.1. மொத்தம் 0.43-இல் காற்றுக்கு 0.1 என்றால், ஏறக்குறைய 23 சதவீதம்: 1,150 வோல்ட். பதினொன்றில் ஒரு பங்கு தடிமன் உள்ள காற்று, கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு அழுத்தத்தைச் சுமக்கிறது. இவ்வளவு மெல்லிய இடுக்கில் காற்று, மில்லிமீட்டருக்கு 3,000 என்ற கணக்கைவிடக் கூடுதலாகவே தாங்கும். அப்படியும் 0.1 மில்லிமீட்டர் காற்றின் தாங்குதிறன் 900 வோல்ட் அளவுதான். ஆகவே அந்த இடுக்கில் காற்று உடையும். பிளாஸ்டிக் உடையாததால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே மட்டும் சிறுசிறு பொறிகள்.

அதே இடுக்கை எண்ணெயால் நிரப்புங்கள். 0.1-ஐ 2.2-ஆல் வகுத்தால் 0.045. பங்கு 12 சதவீதமாக, 600 வோல்ட்டாக இறங்கிவிடுகிறது. எண்ணெயோ காற்றைவிடப் பல மடங்கு தாங்கக்கூடியது. இடுக்கின் அளவு மாறவில்லை, பிளாஸ்டிக் மாறவில்லை. காற்றின் இடத்தில் எண்ணெய் வந்தது, அவ்வளவே. உயர் அழுத்தக் காப்பின் சாரம் முழுவதும் எனக்கு இந்த ஒரு கணக்கில் அடங்கியிருப்பதாகத் தோன்றும்.

உள்ளே நடக்கும் அந்தச் சிறு பொறிகளுக்குப் பகுதி மின்னிறக்கம் என்று பெயர். ஒவ்வொரு பொறியும் கொஞ்சம் ஓசோனை உண்டாக்கும். அன்று என் மூக்கில் ஏறிய வாடை அதுதான். ஓசோனும் பொறியின் சூடும் எனாமலையும் காகிதத்தையும் அரிக்கும், கரி படியும், கரி மின்சாரத்தைக் கடத்தும், அடுத்த பொறி இன்னும் கொஞ்சம் முன்னேறும். கரையான் புற்று வளர்வதுபோல, நாம் பார்க்காத இடத்தில் நடந்துகொண்டே இருக்கும். காகிதத்தில் நான் பார்த்த வேர்க்கோடுகள் அந்தத் தடங்கள்.

எதை நடுவில் வைப்பது

1831 ஆகஸ்ட் 29 அன்று லண்டனில் மைக்கேல் ஃபாரடே மின்தூண்டலைக் கண்டறிந்த இரும்பு வளையத்தில், எனாமல் கம்பி என்ற ஒன்றே கிடையாது. வெறும் செம்புக் கம்பியைச் சுற்றி, சுற்றுகளுக்கு நடுவே நூற்கயிற்றையும் அடுக்குகளுக்கு நடுவே காலிகோ பருத்தித் துணியையும் வைத்தார். காலிகோ என்ற பெயரே நம் கள்ளிக்கோட்டைத் துறைமுகத்திலிருந்து போனது. அயர்லாந்தில் மேனூத் கல்லூரியில் பாதிரியாராகவும் இயற்பியல் ஆசிரியராகவும் இருந்த நிக்கோலஸ் காலன், 1836-இல் தூண்டுசுருளை உருவாக்கினார். பின்னாளில் அவர் செய்த பெரிய சுருளில் தேன்மெழுகும் ரோசின் பிசினும் சேர்த்து உருக்கிய கலவைதான் காப்பு. துணி, மெழுகு, பிசின்: மூன்றுமே காற்றை விரட்டி இடத்தைப் பிடிக்கும் முயற்சிகள்.

இன்றைக்கு நமக்கு எது சரி? மின்சாமான் கடையில் கிடைக்கும் கருப்பு பி.வி.சி. டேப்பைத்தான் எல்லோரும் முதலில் எடுப்பார்கள். தயவுசெய்து அதை உள்ளே விடாதீர்கள். அது இழுபட்டுச் சுருங்கும், ஒவ்வொரு மடிப்பின் ஓரத்திலும் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு எண்ணெயில் போட்டாலும் எண்ணெய் உள்ளே போகாது. மைலார் எனப்படும் பாலியெஸ்டர் தாள் மிக வலுவானது, ஆனால் அதன் ஊடாகவும் எண்ணெய் போகாது. விளிம்பு வழியாக மட்டும்தான் போகவேண்டும். என் கைக்குப் பழகியது மெல்லிய கிராஃப்ட் காகிதம், பொட்டலம் கட்டும் பழுப்புக் காகித வகை. காகிதம் தனியாக அப்படியொன்றும் பெரிய காப்பான் அல்ல. அதன் நார்களுக்கு நடுவே எண்ணெய் ஊறுகிறதே, அந்தக் கூட்டணிக்குத்தான் பலம். ஊருக்கு ஊர் நிற்கும் பெரிய மின்மாற்றிகளும் இந்தக் காகிதம், எண்ணெய் கூட்டணியில்தான் பல்லாண்டு ஓடுகின்றன.

ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரே தடித்த தாளைவிட, 0.05 மில்லிமீட்டர் தாளாக இரண்டு போடுவது நல்லது. எந்தத் தாளிலும் ஊசித்துளையோ ஒரு துகள் கரியோ இருக்கலாம். இரண்டு தாளிலும் அது நேருக்கு நேர் வருவது அரிது.

ரீவைண்டிங் கடைகளில் மோட்டார் காயிலை வார்னிஷில் நனைத்துச் சூடுபடுத்துவார்கள். மோட்டாரின் சில நூறு வோல்ட்டுக்கு அது அருமையான வேலை. நம் சுருளுக்கு உதவாது. வார்னிஷில் உள்ள கரைப்பான் ஆவியாகிப் போகும்போது அது இருந்த இடம் வெற்றிடமாக நிற்கும், அங்கே மறுபடி காற்று.

சுற்றும் வேலை

உள்ளகத்துக்கு மென்இரும்புக் கம்பிக் கட்டு வேண்டும். கட்டடவேலைக்குக் கம்பி கட்டப் பயன்படும் கட்டுக்கம்பி அப்படியே பொருந்தும், அது பதப்படுத்திய மென்கம்பிதான். 12 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, நேராக்கி, வார்னிஷ் பூசிக் காயவைத்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுக்குக் கட்டுங்கள். ஒரே இரும்புத் தடியைப் போட்டால் அதற்குள்ளேயே சுழல் மின்னோட்டம் ஓடி ஆற்றல் வீணாகும். அதன் மேல் ஒரு சுற்று காகிதம், அதற்கு மேல் 20-ஆம் கேஜ் கம்பியில் நூறு நூறாக இரண்டு அடுக்கு. முதன்மை முடிந்தது.

முதன்மைக்கும் துணைக்கும் நடுவே வரும் குழாய்தான் முக்கியத் தடுப்பு. மின்வயரிங் பி.வி.சி. குழாய் அளவில் சரியாகப் பொருந்தும், ஆனால் பின்னால் சூடுபடுத்தும்போது அது இளகிவிடும். கிராஃப்ட் காகிதத்தையே ஓர் உருளையின் மேல் இறுக்கி, இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குச் சுருட்டிக் குழாயாக்கிக்கொள்வது மேல். குழாய் துணைச் சுருளைவிட இரு பக்கமும் நன்றாக நீண்டிருக்கட்டும். பொறி குழாயைத் துளைக்காமல், அதன் மேற்பரப்பில் ஊர்ந்து ஓரத்தைச் சுற்றிக்கொண்டு வரவும் பார்க்கும். அழுக்கும் ஈரமும் உள்ள மேற்பரப்பு, காற்றைவிடச் சீக்கிரம் வழிவிடும். நான் 1,000 வோல்ட்டுக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் விடுவேன்.

இனி அந்த 67 அடுக்குகள். எண்ணிக்கைக் கருவியோடு வரும் கைச்சுற்று வைண்டிங் மெஷின் இருந்தால் நல்லது. கம்பிச் சுருளிலிருந்து கம்பி, இரண்டு ஃபெல்ட் துணித் துண்டுகளுக்கு நடுவே வந்து குழாயின் மேல் போகட்டும். அந்தத் துணிகளை எவ்வளவு அழுத்துகிறோமோ அதுதான் இழுவிசை. 42-ஆம் கேஜ் கம்பி கொஞ்சம் அதிகமாக இழுத்தால் முனகாமல் அறுந்துவிடும். தளர்ந்தால் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். சாய்வாக விளக்கு வைத்துப் பாருங்கள். சுற்றுகள் சரியாக அமர்ந்தால் அடுக்கு முழுவதும் பட்டுப்புடவை போல ஒரே சீராக மின்னும். எங்காவது மினுக்கம் கோணலாகத் தெரிந்தால், நிறுத்தி, திரும்பச் சுழற்றிச் சரிசெய்யுங்கள்.

காகிதம் 48 மில்லிமீட்டர் அகலம், கம்பி நடுவில் 36 மில்லிமீட்டர். இரு ஓரமும் 6 மில்லிமீட்டர் வெறுமை. இந்த வெறும் ஓரத்தில்தான் பொறுமை சோதிக்கப்படும். அடுக்கின் கடைசிச் சுற்றுகள் மேலே மேலே போகப்போக வெளிப்பக்கம் சரியப் பார்க்கும், ஏனெனில் ஓரத்தில் காகிதம் மட்டும் இருப்பதால் அது கீழே அமுங்கிப் பள்ளமாகிறது. பள்ளம் விழவிழ அதே கனத்துக்கு மெல்லிய காகிதப் பட்டைகளை ஓரங்களில் சேர்த்துக்கொண்டே வந்தால் தளம் சமமாக நிற்கும். முதல் சுருளில் நான் செய்யாமல் விட்டது இந்தப் பட்டைகளைத்தான். இன்னொரு வழி, ஒவ்வோர் அடுக்கையும் முந்தைய அடுக்கைவிட இரண்டு மூன்று சுற்று குறைத்து, கோபுரம்போல மேலே குறுகிக்கொண்டு போவது. அப்போது 67-க்குமேல் சில அடுக்குகள் கூடும். அழுத்தம் கூடக்கூட விளிம்பு உள்ளே தள்ளிப்போவதால் பாதுகாப்பும் கூடும்.

கம்பி நடுவில் அறுந்தால் பதற்றம் வேண்டாம். எனாமலை நுண்ணிய உப்புத்தாளால் எடுத்து, முறுக்கி, ஈயம் வைத்து, முனை நீட்டிக்கொண்டிராமல் உருட்டிவிட்டு, காகிதத்துக்குள் மடித்து வையுங்கள். கூர்முனை இருக்கும் இடத்தில் மின்புலம் குவியும், அங்கிருந்துதான் மின்கசிவு தொடங்கும். அடுக்குக்கு அடுக்கு மல்டிமீட்டரில் மின்தடை பார்த்து எழுதிக்கொண்டே போங்கள். முடிவில் 4,700 ஓம் பக்கத்தில் வந்தால் கம்பி முழுசாக இருக்கிறது என்று பொருள். ஆனால் இரண்டு சுற்று ஒட்டிக்கொண்டிருந்தால் இந்த அளவீட்டில் தெரியாது.

தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள இரண்டு மூன்று அடுக்குகளுக்குக் காகிதத்தை இரட்டிப்பாக்குங்கள். அழுத்தம் சட்டென்று எகிறும்போதும் வெளியே பொறி பாயும்போதும், அது எல்லாச் சுற்றுக்கும் சமமாகப் பரவ நேரம் போதாது. முனைக்கு அருகிலுள்ள சுற்றுகளே பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். உள்முனையை முதன்மையின் ஒரு முனையோடு சேர்த்துவிட்டு, வெளிமுனையை உயர் அழுத்த முனையாகக் கொள்வது எளிது. பழைய கார்களின் தகரக்குப்பி இக்னிஷன் காயில்களில் இது தலைகீழ்: துணைச் சுருள் உள்ளே, முதன்மை வெளியே, உயர் அழுத்தம் நடுவிலிருந்து மூடியின் மையம் வழியாக வெளியேறும். அதற்குள்ளும் காகித அடுக்குகளும் எண்ணெயும்தான்.

ஈரம், பிறகு காற்று

காகிதம் காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகக் குடிக்கும். நம் ஊர் ஐப்பசி மழையில் நூற்றுக்கு ஆறு, ஏழு பங்கு தண்ணீர் அதற்குள் சாதாரணமாக இருக்கும். சுற்றிய சுருளை 100 டிகிரி அளவில் சிறு மின்அடுப்பில் ஏழெட்டு மணி நேரம் வையுங்கள். முன்னும் பின்னும் எடை போட்டால் உங்களுக்கே நம்பிக்கை வரும்: எடை குறைந்துகொண்டே வந்து ஓர் இடத்தில் நிற்கும், அதுவரை எடுக்கக்கூடாது. எடுத்ததும் ஆறவிடாமல் இளஞ்சூட்டோடு எண்ணெயில் இறக்குங்கள். மேசையில் ஓர் இரவு விட்டால் அத்தனை ஈரமும் திரும்பிவிடும்.

எந்த எண்ணெய்? புதிய மின்மாற்றி எண்ணெய் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் மருந்துக்கடையில் விற்கும் லிக்விட் பாரஃபின், அதுவும் சுத்தமான கனிம எண்ணெய்தான். பழைய மின்மாற்றியிலிருந்து வடித்த எண்ணெய் வேண்டாம். தண்ணீர் சேர்ந்திருக்கும், மிகப் பழையதென்றால் உடலுக்குக் கேடான பி.சி.பி. ரசாயனமும் இருக்கக்கூடும். பிரேக் ஆயிலையும் தொடாதீர்கள், அது ஈரத்தை இழுக்கும் திரவம். தேங்காய் எண்ணெயை மின்மாற்றியில் பயன்படுத்துவது பற்றி இலங்கையில் ஆய்வுகளே நடந்திருக்கின்றன. ஆனால் பாட்டிலில் இருப்பதை அப்படியே ஊற்றினால் மார்கழியில் உறைந்து சுருங்கும், சுருங்கிய இடம் வெற்றிடமாகும். மெழுகிலும் இதே குறை உண்டு. ஊற்றிய மெழுகு உறையும்போது நடுவில் குழி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே குழி சுருளுக்குள்ளும் விழும். மெழுகுதான் வேண்டுமென்றால் கீழிருந்து மேலாக மெல்ல மெல்ல ஆறவிட்டு, மேலே உருகிய மெழுகை ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

எண்ணெயில் முக்கினால் மட்டும் காற்று போய்விடாது. ஏ.சி. மெக்கானிக்குகள் வைத்திருக்கும் வேக்குவம் பம்ப் ஒன்றை இரவல் வாங்குங்கள். கனத்த உலோகப் பாத்திரம், அதன் மேல் ரப்பர் வளையம், தடித்த அக்ரிலிக் மூடி. மெல்லிய கண்ணாடி ஜாடி கூடாது, உள்நோக்கி நொறுங்கும். பம்பை ஓடவிட்டதும் பாருங்கள்: முதல் பத்து நிமிடம் உலை கொதிப்பதுபோலப் பெரிய குமிழிகள். பிறகு அடுக்குகளின் விளிம்பிலிருந்து ஊசிமுனைக் குமிழிகள் சரம் சரமாக ஏறும். அப்படி வருவதெல்லாம், சுற்றும்போது நாம் அறியாமல் உள்ளே அடைத்து வைத்த காற்று. அந்தச் சரம் நிற்க மணிக்கணக்காகும். நின்றதும் காற்றைத் திறந்துவிட்டால், வெளிக்காற்றின் அழுத்தமே எண்ணெயை அடுக்குகளின் நடுவே நெட்டித் தள்ளும். ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் இன்னொரு முறை காற்றெடுங்கள்.

முதல் பொறி

எண்ணெய்ப் பாத்திரத்திலேயே சுருள் இருக்கட்டும். உயர் அழுத்த முனைகளுக்கு நடுவே இரண்டு ஊசிகளை நேருக்கு நேர் 15 மில்லிமீட்டர் இடைவெளியில் அசையாமல் பொருத்துங்கள். கூர்முனைகளுக்கு நடுவே மில்லிமீட்டருக்கு 1,200 வோல்ட் அளவில் பொறி பாய்ந்துவிடும். ஆகவே 20,000 வோல்ட்டை எட்டுவதற்குள் வெளியே வழி கிடைத்துவிடும். இந்த இடைவெளி இல்லாமல் ஒருபோதும் ஓட்டக்கூடாது. வெளியே வழியில்லை என்றால் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், காப்பின் பலவீனமான இடத்தில் தனக்கு வழி உண்டாக்கிக்கொள்ளும். ஊசி இடைவெளியைத் திருத்தவேண்டுமா? முதலில் பேட்டரி வயரைக் கழற்றி, கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்டு, பிறகு தொடுங்கள்.

பழைய பல்பு, வெற்றிடக் குழாய் என்று எதையும் இந்தச் சுருளோடு இணைக்காதீர்கள். 1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டது இதே வகைத் தூண்டுசுருளையும் ஒரு வெற்றிடக் குழாயையும் வைத்துத்தான். அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. பொறியின் அலைகள் பக்கத்து வீட்டு ரேடியோவையும் கெடுக்கும், அதனால் ஓட்டுவது சில விநாடிகள் மட்டும்.

அறையை இருட்டாக்கி, கண் பழகும்வரை காத்திருந்து, இரண்டு விநாடி ஓட்டுங்கள். ஊசிகளுக்கு நடுவே மட்டும் ஒளி தெரியவேண்டும். குழாயின் ஓரத்திலோ வெளிவரும் வயரின் வேரிலோ ஊதா மினுக்கம் தெரிந்தால் அங்கே காற்று இருக்கிறது, அல்லது கூர்முனை இருக்கிறது. பிறகு ஊசிகளை 3 மில்லிமீட்டருக்கு நெருக்கி, பொறியின் சத்தம் குறைந்த நிலையில், ஒரு கை தூரம் தள்ளி நின்று காது கொடுத்துக் கேளுங்கள். அடுத்து 15 மில்லிமீட்டருக்கே திருப்பி வைத்து, அழுத்தம் முழுசாக ஏறும் நிலையில் கேளுங்கள். பொறியின் படபடப்பைத் தவிர, எண்ணெய்க்குள்ளிருந்து மெல்லிய சீறல் ஒன்று இரண்டாவது முறை மட்டும் கேட்டால், பேட்டரியைக் கழற்றுங்கள், சுருளைத் திரும்பவும் பம்புக்குக் கீழே வையுங்கள். குமிழிச் சரம் மறுபடி ஏறத் தொடங்கும்.